வீட்டிலேயே காப்பர் எட்சிங்: கரைசலை எங்கே வாங்குவது, எப்படிக் கலப்பது, கடைசியில் எங்கே கொட்டுவது

முதலில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி வைத்துவிடுங்கள், பத்து லிட்டர் போதும். செம்பைக் கெமிக்கலில் அரித்தெடுக்கும் எட்சிங் பற்றி எழுத உட்கார்ந்தவன் வாளியில் ஏன் ஆரம்பிக்கிறான் என்று தோன்றும். நான் முதல்முறை பிசிபி (எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட்டுக்கான செம்பு பூசிய போர்டு) எட்ச் பண்ணியபோது பவுடர், போர்டு, டிரே எல்லாம் தேடித்தேடி வாங்கினேன், போர்டும் நன்றாகவே வந்தது, ஆனால் வேலை முடிந்ததும் கையில் ஒரு டப்பா நிறையக் கரும்பழுப்புத் தண்ணீர், அதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் பால்கனி மூலையில் வைத்தேன், ராத்திரி பூனை தட்டிவிட்டது. டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டில் அந்த மஞ்சள் இன்றைக்கும் இருக்கிறது. அன்றிலிருந்து கழிவுக்கு இடம் செய்துவிட்டுத்தான் கெமிக்கல் பாக்கெட்டைப் பிரிக்கிறேன்.

இது பிசிபி போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. செம்புத் தகட்டில் பெயர்ப்பலகை செய்கிறவர்களுக்கும், நகை வேலை செய்கிறவர்களுக்கும் கரைசல் இதேதான், தகடு தடியாக இருப்பதால் நேரம் மட்டும் கூடும். முதலில் சொல்லப்போகும் ஃபெரிக் குளோரைடு (ஓர் இரும்பு உப்பு) பித்தளைக்கும் வேலை செய்யும். அலுமினியத்தை மட்டும் இந்தக் கரைசல்கள் எதிலும் போட்டுவிடாதீர்கள், பொங்கிக் கொதித்து மேலே தெறிக்கும்.

எதை எடுப்பது

முதல்முறை செய்கிறவர் ஃபெரிக் குளோரைடையே எடுங்கள். கறை பிடிக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அறை வெப்பத்தில் பெரிதாகப் புகையாது, வருடக்கணக்கில் கெடாது, கொஞ்சம் அளவு தப்பினாலும் மன்னித்துவிடும். இது செம்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு தான் ஃபெரஸ் குளோரைடாக மாறும், செம்பு காப்பர் குளோரைடாகக் கரைந்துவிடும். வாயு எதுவும் வராது. அதனால்தான் வீட்டு வேலைக்கு இது பொருத்தம்.

சென்னைக்காரர்களுக்குப் பிரச்சினையே இல்லை, மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எலக்ட்ரானிக்ஸ் உதிரி பாகம் விற்கும் கடைகளில் கேட்டால் சின்னச் சின்ன பாக்கெட்டாகத் தருவார்கள், காப்பர் கிளாட் போர்டும் (செம்பு பூசிய வெற்று போர்டு) அங்கேயே கிடைக்கும். அதிக அளவு வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கத்து கெமிக்கல் கடைகள். மற்ற ஊர்களில் கல்லூரிகளுக்கு லேப் கெமிக்கல் சப்ளை செய்யும் கடை ஒன்றாவது இருக்கும், அங்கே போய் 'எல்ஆர் கிரேடு' என்று கேளுங்கள், அது சாதாரண லேப் தரம். அதைவிடச் சுத்தமான ஏஆர் கிரேடு வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம், நாம் செய்யப்போவது பரிசோதனைச்சாலை ஆய்வு இல்லை.

கடையில் அது மூன்று விதமாக இருக்கும், இதைத் தெரிந்துகொள்ளாமல் கலந்துதான் பலர் சூடு வாங்கிக்கொள்கிறார்கள். மஞ்சளும் காவியும் கலந்த நிறத்தில், லேசாக ஈரம் கோத்த கட்டிகளாக இருந்தால் அது ஹெக்ஸாஹைட்ரேட், அதாவது தன்னுள் ஏற்கெனவே தண்ணீர் வைத்திருப்பது. கருப்பும் பச்சையுமாக மினுங்கும் காய்ந்த தூளாக இருந்தால் அன்ஹைட்ரஸ், நீரே இல்லாதது, தண்ணீரைக் கண்டால் வெறிகொண்டு சூடாகும். மூன்றாவது, கலந்தே வைத்த திரவம், ஏறக்குறைய 40 சதவீதக் கரைசல். திரவம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஒரு பங்குக்கு அரைப் பங்கிலிருந்து ஒரு பங்கு வரை தண்ணீர் சேர்த்தால் வேலை முடிந்தது. பாக்கெட்டில் பெயர் சரியாக எழுதியிருக்காது, நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும், சந்தேகம் வந்தால் அன்ஹைட்ரஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தேவை

இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, ஒரு சின்ன போர்டுக்கு அரை கிலோ வாங்கி வந்துவிடுகிறார்கள். சாதாரண போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் போர்டு, ஒரு பக்கம் மட்டும் செம்பு என்றால் அதில் இருப்பது சுமார் 3.1 கிராம் செம்புதான். 100 கிராம் ஹெக்ஸாஹைட்ரேட் காகிதக் கணக்கில் 11.7 கிராம் செம்பைக் கரைக்கும். நடைமுறையில் பாதி தாண்டும்போதே வேகம் செத்துவிடும், ஆகவே ஐந்து கிராம் என்று வையுங்கள். அந்த அளவு போர்டில் பாதிச் செம்பு டிராக்காக, அதாவது மின்சாரம் ஓடும் கோடுகளாக, அப்படியே நிற்கும் என்பதால், 100 கிராம் பவுடரில் மூன்று போர்டு தாராளமாக முடிக்கலாம். டிராக்குகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தையும் செம்பாகவே விட்டு, கிரவுண்டாக (சர்க்யூட்டின் பொது இணைப்பாக) நிரப்பி டிசைன் செய்தால் இன்னும் அதிகம் வரும், கழிவும் அந்த அளவுக்குக் குறையும்.

கலக்கும் விதம்

கைக்கு நைட்ரைல் கிளவுஸ், கண்ணுக்கு பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. பவர் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்பவர்கள் அதற்கு மேல் ஒன்று போடுங்கள். பழைய சட்டை. வேட்டி, லுங்கி எதுவானாலும் துறந்துவிடத் தயாரானதைக் கட்டிக்கொள்ளுங்கள், தெறித்த இடம் துருக்கறையாகவே நின்றுவிடும். இடம், மொட்டைமாடி அல்லது காற்றோட்டமான பால்கனி. சமையலறை வேண்டவே வேண்டாம். பாத்திரம், கரண்டி எல்லாம் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் வீட்டு டம்ளரில் அளந்து ஊற்றினேன் ஒருமுறை, பத்தே நிமிஷம்தான் இருந்தது, உள்பக்கம் முழுக்க அம்மைத்தழும்பு மாதிரிக் குழி. அம்மா அதைத் தூக்கிப்போடவும் இல்லை, பேசவும் இல்லை, சாட்சியாக ஜன்னலில் வைத்துவிட்டார்.

ஹெக்ஸாஹைட்ரேட் என்றால் 200 மில்லி தண்ணீருக்கு 100 கிராம். அன்ஹைட்ரஸ் என்றால் அதே 100 கிராமுக்கு 350 மில்லி. இரண்டிலும் தண்ணீரை முதலில் ஊற்றி, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பவுடர் மேல் தண்ணீர் ஊற்றுவது கூடவே கூடாது.

அன்ஹைட்ரஸ் கரையும்போது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பயந்து கையை உதறிவிடாதீர்கள். முதல் கரண்டி விழுந்ததும் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், தண்ணீருக்கு மேலே வெளிறிய புகை எழும்பும், அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி, மூக்கில் ஏறினால் சுருக்கென்று குத்தும். டப்பாவின் வெளிப்பக்கம் தொட்டால் சூடு தெரியும். அரைக் கரண்டி போட்டு, கலக்கி, சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, அடுத்த அரைக் கரண்டி. டப்பாவை ஒரு பேசின் குளிர்ந்த தண்ணீரில் உட்காரவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மொத்தம் கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். பெட் பாட்டில் பிளாஸ்டிக் இந்தச் சூட்டில் சுருண்டுவிடும், தடிமனான வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவாகப் பாருங்கள்.

ஆறியதும் அடியில் சேறு கொஞ்சம் நிற்கும், அதை விட்டுவிட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். நிறம் அசல் ஃபில்டர் காபி டிகாக்‌ஷன். இதனாலேயே குளிர்பான பாட்டிலில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. பாதி இருட்டில் எழுந்து வருகிற ஒருவருக்கு அது கோலாவாகத்தான் தெரியும். சாப்பாட்டுப் பொருளோடு சம்பந்தமே இல்லாத ஒரு கேன், அதன்மேல் அழியாத மார்க்கரில் பெயரும் தேதியும், குழந்தைகளுக்கு எட்டாத இடம்.

போர்டைப் போடும்போது

கரையாமல் நிற்க வேண்டிய செம்பை மறைக்க டிராக் வரைவதோ, லேசர் பிரிண்ட் மையைப் போர்டுக்கு மாற்றும் டோனர் டிரான்ஸ்ஃபரோ தனிக் கதை, அதற்குள் இப்போது போகவில்லை. ஒன்று மட்டும், போட்டதும் போர்டு முழுக்க ஒரே சீராக மங்கி இளஞ்சிவப்பாக மாற வேண்டும், எங்காவது பளபளப்பு அப்படியே நின்றால் அங்கே கைரேகை எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். எடுத்துக் கழுவி, நைசான ஸ்க்ரப்பரில் அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு மறுபடி போடுங்கள்.

குளிர்ந்த கரைசலில் முக்கால் மணி நேரம் இழுக்கும். டிரேயை ஒரு பெரிய பேசினில் வைத்து பேசினில் வெந்நீர் ஊற்றி, கரைசல் 40-45 டிகிரிக்கு வந்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடியும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள், மைக்ரோவேவ் என்ற நினைப்பே வேண்டாம், 50 டிகிரிக்கு மேல் போனால் ஆவி கிளம்பும். மே மாதத்து மொட்டைமாடி வெயிலில் வெந்நீர்கூடத் தேவையில்லை. சின்ன போர்டு என்றால் செம்புப் பக்கம் கீழே இருக்கும்படி மிதக்கவிடலாம், கரைந்தது தானாகக் கீழே இறங்கிவிடும், அடியில் காற்றுக்குமிழ் சிக்காமல் சாய்த்து இறக்கினால் போதும். மேலே பார்த்தபடி போட்டால் டிரேயின் ஒரு ஓரத்தை விடாமல் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், தொட்டில் ஆட்டுவது மாதிரி.

முடிந்ததா என்று பார்க்க, எடுத்துக் கழுவி டியூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். செம்பு போன இடம் வெளிச்சம் விடும், மிச்சமிருக்கும் இடம் கருநிழலாகத் தெரியும். பெரும்பாலும் ஓரங்கள் முதலில் போகும், நடுவில் இரண்டு டிராக்குகளுக்கு இடையே ஒரு மெல்லிய சவ்வு கடைசி வரை அடம்பிடிக்கும். அதற்காக இன்னும் பத்து நிமிஷம் விட்டால் சவ்வு போவதற்குள் பக்கவாட்டில் மெல்லிய டிராக்குகளையும் அரித்துவிடும். அந்த இடத்தில் மட்டும் ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷால் கரைசலைத் தடவிக்கொண்டே இருந்தால் ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுக்கும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள், முதல் இரண்டு கழுவல் தண்ணீர் அந்த வாளிக்குள் போக வேண்டும்.

ஆசிட்டும் பெராக்சைடும்

இரண்டாவது வழி. வேகமானது, கரைசல் தெளிவாக இருப்பதால் போர்டு கண்ணுக்குத் தெரியும், சரியாகப் பராமரித்தால் ஒரே கரைசலை வருடக்கணக்கில் ஓட்டலாம். ஆனால் ஃபிளாட் வீட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். மொட்டைமாடி இருந்தால் மட்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்துக்கடையில் கிடைக்கும், நம் ஊரில் பெரும்பாலும் 6 சதவீதம், பாட்டிலில் '20 வால்யூம்' என்று இருக்கும். நமக்கு 3 சதவீதம் போதும், அதனால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் லேப் கெமிக்கல் கடையில், சுமார் 35 சதவீதம். ஆசிட் வீச்சு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, வாங்குகிறவரின் அடையாள அட்டையும் எதற்கென்ற காரணமும் பதிவேட்டில் எழுதாமல் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது. கடைக்காரர் கேள்வி கேட்டால் எரிச்சல்படாதீர்கள், கேட்கிற கடைதான் நல்ல கடை. தெருவில் லேபிள் இல்லாத பாட்டிலில் விற்கும் பாத்ரூம் ஆசிட்டில் எத்தனை சதவீதம் என்று விற்பவருக்கே தெரியாது. கழிப்பறைக்கென்று வரும் நீலத் திரவங்களில் வழவழப்புக்கான சங்கதிகள் கலந்திருக்கும், அவை உதவாது.

நீர்த்த பெராக்சைடு இரண்டு பங்கு டிரேயில் முதலில். அதில் ஆசிட் ஒரு பங்கு, மெதுவாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நிற்க வேண்டும். இதற்குமேல் வலுவான பெராக்சைடு வேண்டாம், அளவு மீறினால் குளோரின் கிளம்பும். பிளீச்சிங் பவுடர் இருக்கும் இடத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள், ஆசிட்டும் பிளீச்சும் சந்தித்தால் அதுவும் குளோரின்தான், இந்தத் தடவை மூச்சை நிறுத்தும் அளவுக்கு.

போர்டைப் போட்டதும் கரைசல் பச்சையாக மாறத் தொடங்கும். அந்தப் பச்சை காப்பர் குளோரைடு, அது தானே செம்பை அரிக்கும். இந்தக் கட்டத்துக்கு அப்புறம் பெராக்சைடு அவசியமில்லை. வேலை செய்யச் செய்ய அடர்ந்த பழுப்பாகும், மீன்தொட்டி பம்ப் ஒன்றை வைத்துக் காற்றுக் குமிழி விட்டால் ஆக்சிஜன் கிடைத்து மறுபடி தெளிந்த பச்சைக்குத் திரும்பும். வேகம் குறைந்தால் கொஞ்சம் ஆசிட். இதற்காகவே நிறையப் பேர் இந்த வழியைப் பிடித்துக்கொள்கிறார்கள், புதிதாக வாங்குவது குறைகிறது, கழிவும் குறைகிறது. பெராக்சைடு சேர்த்த கரைசலை இறுக்கி மூடி வைத்தால் பாட்டில் ஊதி வெடிக்கும், மூடியில் ஊசித் துளை ஒன்று வேண்டும். அந்தத் துளையிலிருந்து வருகிற ஆவி என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. டூல்ஸ் இருந்த அதே அலமாரியில் வைத்தேன், மழைக்காலம் முடிவதற்குள் டிரில் பிட், கட்டர், பீரோ கீல் எல்லாம் துரு. தனியாக, வெளியே வையுங்கள்.

மற்றவை

சோடியம் பெர்சல்ஃபேட் அழகான கெமிக்கல், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200-லிருந்து 250 கிராம், 45 டிகிரி சூடு, கரைசல் தண்ணீர் போலத் தெளிவாக இருந்து நீலமாக மாறும், கறை இல்லை. சின்ன அளவில் கிடைப்பதுதான் கஷ்டம். இதையும் இறுக்கி மூடக் கூடாது. அமோனியம் பெர்சல்ஃபேட் சுலபமாகக் கிடைத்தாலும் நான் தவிர்ப்பேன், காரணத்தைக் கழிவுப் பகுதியில் சொல்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சின்ன போர்டு செய்ய வேண்டுமென்றால் எலுமிச்சை உப்பு வழி இருக்கிறது. எலுமிச்சை உப்பு என்று மளிகைக்கடையில் தருவது சிட்ரிக் அமிலம்தான். 3 சதவீதப் பெராக்சைடு 100 மில்லி, எலுமிச்சை உப்பு 30 கிராம், சமையல் உப்பு 5 கிராம். கலந்த உடனே பயன்படுத்த வேண்டும், மிச்சம் வைக்க முடியாது, மெதுவாகத்தான் அரிக்கும், ஆனால் புகை கிடையாது. கிளவுஸும் கண்ணாடியும் இதற்கும் உண்டு.

சிட்ரிக் அமிலத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. செம்புத் தகட்டில் ஓவிய அச்சு எடுக்கிற கலைஞர்களுக்காக 1990-களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஃபிரீட்ஹார்ட் கீக்கெபென் என்பவர் ஃபெரிக் குளோரைடில் சிட்ரிக் அமிலம் சேர்த்துப் பார்த்தார், கோடுகளுக்குள் சேறு அடைவது நின்றுபோனது, தகட்டை மேல்முகமாகவே போட முடிந்தது. 40 சதவீத ஃபெரிக் குளோரைடு நான்கு பங்கு, அதோடு முக்கால் பங்கு வெந்நீரில் கால் பங்கு எலுமிச்சை உப்பு கரைத்தது. பெயர்ப்பலகை மாதிரி ஆழமாக அரிக்க வேண்டிய வேலைக்கு இதைத்தான் நான் கலக்குகிறேன்.

நைட்ரிக் அமிலம் பழைய பட்டறைகளில் ஓடிய முறை. வேண்டாம். செம்பில் பட்டதும் செம்பழுப்புப் புகை வரும், சுவாசித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் இருந்து சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

எந்தக் கரைசலானாலும் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி, போகும்போது கெமிக்கல் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு.

வாளி

செம்பு கரைந்த தண்ணீர் மீனுக்கும் பாசிக்கும் விஷம், செப்டிக் டேங்கில் போனால் அங்கே வேலை செய்யும் பாக்டீரியாவையும் கொல்லும், சாக்கடையில் நேராக ஊற்றினால் வார்ப்பிரும்புக் குழாயையும் அரிக்கும். தென்னைமரத்தடியில் ஊற்றிவிட்டு 'போர்டோ கலவையிலும் செம்புதானே இருக்கிறது' என்று சமாதானம் சொன்ன ஒருவரைத் தெரியும். போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, இலையில் மெல்லிசாகத் தெளிப்பார்கள், வேரில் ஆசிட்டோடு கொட்டுவதில்லை.

ஃபெரிக் குளோரைடு கழிவை இப்படி முடியுங்கள். வாளியில் கழிவைப்போல மூன்று மடங்கு தண்ணீர் சேர்த்து, சலவைச் சோடாவை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுக் கலக்குங்கள். நுரைத்துப் பொங்கும், அதனால் வாளி பாதிக்குமேல் நிரம்பியிருக்கக் கூடாது. 100 கிராம் ஹெக்ஸாஹைட்ரேட் கரைத்த கழிவுக்கு நீரற்ற தூளாக இருந்தால் 60 கிராம், படிகமாக இருந்தால் 160 கிராம் வரை பிடிக்கும். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளில் 8 வரும்போது நிறுத்துங்கள். டிகாக்‌ஷன் நிறம் போய் சேற்றுக் குழம்பாக ஆகியிருக்கும். மூடியைத் தளர்வாக வைத்து இரண்டு நாள் அசைக்காமல் விட்டால் இரும்பும் செம்பும் அடியில் படிந்து, மேலே தெளிந்த உப்புத் தண்ணீர் நிற்கும். அதில் நீலமோ பச்சையோ துளியும் இல்லை என்றால் நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடலாம். நிறம் இருந்தால் இன்னும் கொஞ்சம் சோடா. ஆசிட் பெராக்சைடு கழிவுக்கும் சோடியம் பெர்சல்ஃபேட் கழிவுக்கும் இதே முறைதான், ஆனால் ஆசிட் கழிவில் நுரை இரண்டு மடங்கு எழும், இன்னும் மெதுவாகப் போடுங்கள்.

அமோனியம் பெர்சல்ஃபேட்டை வேண்டாம் என்றது இதனால்தான், சோடா போட்டதும் அமோனியா நெடி கிளம்பும், செம்பு படியாமல் ஆழ்ந்த நீலமாகக் கரைந்தே நிற்கும். எலுமிச்சை உப்புக் கரைசலிலும் சிட்ரேட் செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பார்க்கச் சாதுவாக இருந்த கரைசல்தான் கழிவில் வம்பு செய்யும். அந்தக் கழிவில் பெராக்சைடு அடங்க ஒருநாள் விட்டு, சோடா போடாமல் சுத்தமான இரும்பு ஆணிகளை ஒரு கைப்பிடி போட்டுத் திறந்த இடத்தில் வைத்துவிடுங்கள். ஆணிகளின்மேல் செம்பு செம்மண் பூசியதுபோல வந்து ஒட்டும். நீலம் போனபிறகு சோடா.

அடியில் நின்ற சேற்றைப் பழைய துணியில் வடிகட்டிக் காயவைத்தால் பொடியாகும், வெயிலில் மூன்று நாள். பெயின்ட் டப்பா, பேட்டரி எல்லாம் போடுவதுபோல இதுவும் வீட்டு அபாயக் கழிவு, திடக்கழிவு விதிகளின்படி குப்பை எடுக்க வருகிறவரிடம் தனியாகத்தான் கொடுக்க வேண்டும், உள்ளே என்ன என்று வாயால் சொல்லிவிட்டு. அதுவரை அந்தத் துணியோடு ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறேன். பத்துப் பதினைந்து போர்டு செய்தும் டப்பா இன்னும் கால்வாசிதான் நிரம்பியிருக்கிறது.